அக்காவின் வலக்கை, பன்னிரண்டு கிலோபைட்

1

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கில் ஒரு மனிதனுக்கு வரும் கடிதங்களில் பாதி, அவன் எதையாவது செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியவை. குப்பைத் தொட்டியைப் பிழையான பக்கம் திருப்பி வைத்தால் கடிதம். பல் வைத்தியரிடம் போகாவிட்டால் கடிதம். சென்ற மாதம் வந்தது என் பழைய மின்னஞ்சல் பெட்டியைப் பற்றி. பெட்டி நிறைந்துவிட்டதாம், பழையவற்றை அழிக்காவிட்டால் இனிமேல் எதுவும் வராதாம். எதுவும் வராது என்பது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது. மனைவி விடவில்லை.

ஞாயிறு மதியம் மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அழிக்கத் தொடங்கினேன். ஆரணிக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் அவள் கதைக்கும் தமிழ் ஒரு நாளைக்கு முப்பது சொல்லுக்குள் அடங்கும், அதில் பத்து ‘ஓம்’ ஆக இருக்கும். அவள் கடிதங்களை மிகப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தினாள். மேலே வந்து நின்றது இரண்டாயிரத்து ஐந்தில் எனக்கு நானே அனுப்பிய ஒன்று. தலைப்பு இல்லை, ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டு கிலோபைட்டில் ஒரு கோப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, உங்களுக்கு நீங்களே எழுதினீங்களா?”

“ஓம்.”

“ஏன்?”

“வேற ஆர் இருந்தவை எனக்கு எழுத?”

அவள் கோப்பின் பெயர் முடியும் இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இது மிடி.”

அவளுடைய அறையில் சின்னக் கீபோர்ட் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒலிபெருக்கி கிடையாது. வயரால் மடிக்கணினியில் கொழுவி, காதுக்குள் கேட்டுக்கொண்டு தானே பாட்டு உண்டாக்குகிறாள். கதவைத் திறந்தால் கட்டைகள் தட்டுப்படும் ‘டொக் டொக்’ மட்டும் கேட்கும். இரண்டு வருடமாக அந்தக் கதவடியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறேன். அது என்ன வேலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

2

இரண்டாயிரத்து நான்கில், முள்ளியவளையில், எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தினேன். கூடம் என்பது பெரிய சொல். நெல்மூட்டை அடுக்குகிற அறைச் சுவரில் சாக்கும் பழைய மெத்தையும் ஆணியடித்து, ஒரு கொம்பியூட்டர், ஒரு ஒலிவாங்கி, ஒரு கீபோர்ட் வைத்திருந்தேன். சமாதான ஒப்பந்தத்தோடு கொழும்புப் பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கியிருந்த காலம். கோயில் பாட்டு, பள்ளிக்கூட விழாப் பாட்டு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோவுக்குப் பின்னணி, எது வந்தாலும் மறுக்கமாட்டேன்.

வாசிப்பது அக்கா. எனக்கு நான்கு வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. வதனி ரீச்சர் என்றால் பிள்ளைகள் ஒழுங்கை மாறிப் போவார்கள். கீபோர்ட்டும் அவருடையதுதான்.

எங்கள் பக்கம் அப்போது மின்கம்பி இல்லை, எல்லாம் ஜெனரேட்டர். ஒருநாள் பின்னேரம் அது ஒரு முக்கு முக்கியது. கீபோர்ட் ‘கர்’ என்றது, அதோடு சரி. சைக்கிள் கரியரில் கட்டி, பிறகு பஸ்ஸில் ஏற்றி, கிளிநொச்சியில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“சத்தம் போடுற பக்கம் எரிஞ்சு போச்சு தம்பி. மற்றதெல்லாம் உயிரோட கிடக்கு. எந்தக் கட்டையை அமத்துறீங்கள் எண்டு அதுக்குத் தெரியும். சொல்லத்தான் வாயில்லை.”

வழியும் அவர்தான் சொன்னார். கீபோர்ட்டின் முதுகில் வட்டமாக ஒரு துளை உண்டு. அதிலிருந்து ஒலி வராது, தகவல் வரும். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலமாக, எப்போது கையெடுத்தது, இவ்வளவுதான். அதைக் கொம்பியூட்டரிடம் கொடுத்தால் கொம்பியூட்டர் தன்னிடமுள்ள வாத்தியத்தின் ஒலியில் வாசிக்கும். எழுதப்பட்ட கடிதத்தை வேறொருவர் வாசித்துக் காட்டுவது மாதிரி. அந்தத் தகவல் முறைக்குத்தான் மிடி என்று பெயர். அதற்கென்று தனி வயர் ஒன்று வேண்டும்.

வயரைக் கொண்டுவந்தவர் நசீர் நானா. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டி வந்த குடும்பம். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு வந்து, தகப்பனின் பழைய கடை நின்ற இடத்திலேயே மின்சாமான் கடை போட்டிருந்தார். சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போவார். அவர் அந்த வயரைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்த விதம், குழந்தைப் பிள்ளையைத் தருவது மாதிரி இருந்தது.

“சோதனைச்சாவடியில ஒவ்வொரு இடத்திலயும் இதைத்தான் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவங்கள். என்னெண்டு கேக்கிறாங்கள், எனக்கெண்டாத் தெரியாது. கீபோர்ட்டும் கொம்பியூட்டரும் கதைக்கிற வயர் எண்டன். என்ன கதைக்கும் எண்டு கேட்டான். பாட்டுத்தான் கதைக்கும், வேறென்ன கதைக்கப் போகுது எண்டு சொன்னன். சிரிச்சுப்போட்டு விட்டுட்டான்.”

கொழுவினோம். ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. வயரின் முனையில் ‘உள்ளே’ என்று எழுதியிருந்ததை நான் கீபோர்ட்டின் ‘உள்ளே’ என்ற துளையிலும், ‘வெளியே’ என்றதை ‘வெளியே’யிலும் ஒழுங்காகக் கொழுவியிருந்தேன். பார்க்கிற எவனும் அப்படித்தான் கொழுவுவான். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு பேரும் காதைக் காதோட வைச்சுக்கொண்டு நிண்டா ஆர்ரா கதைக்கிறது? ஒருத்தற்ற வாய் மற்றவற்ற காதுக்குப் போகவேணும். மாத்திக் கொழுவு.”

மாற்றினேன். குரல் போன கீபோர்ட், கொம்பியூட்டரின் வாயால் வீணை மாதிரிப் பேசியது. அக்கா வெகுநேரம் ஒரே ஒரு கட்டையை அமத்திக்கொண்டிருந்தார்.

அதிலே எனக்கு இன்னொரு இலாபமும் இருந்தது. அதுவரை நான் பதிந்த எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் இருந்தது. முருகன் பாட்டிலும் ஜெனரேட்டர், மாதா பாட்டிலும் ஜெனரேட்டர். மிடியில் தகவல் மட்டும் போவதால் எந்தச் சத்தமும் விழாது. பாடுவதைப் பதியும்போது மட்டும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு யூபிஎஸ்ஸில் ஓட்டுவோம். அது ஏழு நிமிடம் தாங்கும், பாட்டு நான்கு நிமிடம். இரண்டாம் தரம் பாட ஏலாது என்பதால் எங்கள் பாடகர்கள் முதல் தரமே ஒழுங்காகப் பாடினார்கள்.

3

இங்கே வந்த புதிதில் நகரசபை அலுவலகத்தில் ஒரு அம்மா என் தொழிலைக் கேட்டார். இரண்டாயிரத்து ஆறின் தொடக்கம். கலியாணம் பேசி வந்து நாலு மாதம். டேனிஷில் ஒலிப்பதிவு செய்வதற்கும் வேலைப்பளுவில் இருப்பதற்கும் ஏறக்குறைய ஒரே சொல். ‘நான் ஊரில் ஒலிப்பதிவு செய்தேன்’ என்று சொல்லப்போய், ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்லியிருக்கிறேன். அப்படியானால் வேறு நாள் வாருங்கள் என்று அந்த அம்மா மரியாதையாகக் கோப்பை மூடிவிட்டார்.

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நிறுவனத்தின் பதிவு எண் என்ன? இல்லை. சம்பளப் பத்திரம்? இல்லை. நீங்கள் பதிந்தவற்றில் ஏதாவது கொண்டுவந்தீர்களா? ஒரு பாட்டு மின்னஞ்சலில் இருக்கிறது, ஆனால் அதில் ஒலி இல்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் மொழிபெயர்த்தார். படிவத்தில் ‘முன்னனுபவம் இல்லை’ என்று எழுதினார்கள். சுவாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று ஊரில் சொல்வோம். இங்கே பூசாரி நல்லவர்தான், படிவத்தில்தான் கட்டம் இல்லை. அன்று தொடங்கி இன்றுவரை ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துகிறேன்.

4

அந்த ஒலியில்லாத பாட்டு அக்காவினுடையது. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் மேடைக்கு நடந்துவர ஒரு மெட்டு வேண்டுமென்று தானே உண்டாக்கினார். வலக்கையால் மெட்டு, இடக்கையால் தாங்கல். எங்கள் கொம்பியூட்டர் இரண்டையும் ஒன்றாகத் தாங்காது, திக்கும். ஆகவே தாளத்தை நான் முதலில் போட்டுவைக்க, அக்கா வலக்கையைத் தனியாகவும் பிறகு இடக்கையைத் தனியாகவும் வாசிப்பார்.

அதிலும் ஒரு சிக்கல். அந்தப் பழைய கொம்பியூட்டரில் கட்டையை அமத்தினால் ஒலி உடனே வராது. கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், ஆனால் வாசிக்கிறவருக்கு அது ஒரு யுகம். வேறு யாராவது என்றால் ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையாகக் கொம்பியூட்டரைத் திட்டிவிட்டு எழும்பிப் போயிருப்பார்கள். அக்கா பத்து நிமிடம் சும்மா ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

“இது ஒரே அளவாத்தான் பிந்துது. எப்பவும் பிந்துற பிள்ளைக்கு என்ன செய்யிறது? கால் மணித்தியாலம் முந்தி வரச் சொல்லுறது.”

அதன்பிறகு அவர் எல்லாக் கட்டையையும் அந்த அளவு முந்தியே அமத்தினார். காதுக்குத் தாளத்தோடு சரியாக வந்து விழும். ஆனால் கொம்பியூட்டர் எழுதிக்கொள்வது விரல் பட்ட நேரத்தை. ஆகவே திரும்பப் போட்டால் மெட்டு முழுவதும் தாளத்துக்கு முந்தி ஓடும். பதிந்து முடிந்ததும் திரையில் இரண்டு கைகளின் பதிவையும் பிடித்துக் கண்ணளவில் பின்னுக்கு நகர்த்திவிடுவது என் வேலை. இந்த மெட்டை மட்டும் நகர்த்தவில்லை. பிறகு பார்ப்போம் என்று அப்படியே விட்டிருந்தேன்.

ஒருநாள் கிளிநொச்சியில் இணைய வசதியுள்ள கடையொன்றில் கலியாண அலுவலுக்கென்று இந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கப் போனபோது, கையிலிருந்த பிளொப்பித் தட்டிலிருந்து அதையும் எனக்கே அனுப்பிவைத்தேன். ஒலியாக மாற்றிய பாட்டென்றால் நாள் முழுக்க இருந்தும் போய்ச் சேர்ந்திராது. இது கண் மூடித் திறக்கப் போய்விட்டது. நான் டென்மார்க்குக்கு வெளிக்கிடும்போது அக்கா சொன்னார். “போய்ச் சேர் முதல். மெட்டு எங்கயும் ஓடாது, வரிகளைப் பிறகு எழுதுவம்.”

இரண்டாயிரத்து ஒன்பது தொடங்கியபோது அக்காவும் அத்தானும் எல்லோரையும் போலக் கடற்கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஷெல் துண்டொன்று அக்காவின் வலது கையில் பட்டது. கை இருக்கிறது. நடுவிரலும் அதற்கடுத்த இரண்டும் மடங்குவதில்லை. கீபோர்ட்டும் கொம்பியூட்டரும் எந்தப் பதுங்குகுழியில் கிடந்து மண்ணாயினவோ தெரியாது. செட்டிகுளம் அகதிமுகாமிலிருந்து முதல்முறை தொலைபேசியில் கிடைத்தபோது அவர் சொன்னது இதுதான். “எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலா வருது. இடக்கையால பழகுறன்.”

பழகினார். ஊர் திரும்பி, கரும்பலகையில் இடக்கையால் எழுதிக் கணிதம் படிப்பிக்கிறார். “இப்பதான் ரீச்சற்ற எழுத்து விளங்குது எண்டு பிள்ளையள் சொல்லுதுகள்” என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அன்றிலிருந்து நான் அக்காவோடு இசையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. ஞாயிறுதோறும் கதைப்போம். மழை, வயல், அத்தானின் சீனி வருத்தம். வீடியோவில் கதைத்தால் ஆரணியின் அறைப் பக்கம் போனைத் திருப்பமாட்டேன். மகள் கீபோர்ட் வைத்திருக்கிறாள் என்பதை இவ்வளவு காலமும் அக்காவுக்கு மறைத்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

ஆரணி கோப்பைத் தன் மடிக்கணினியில் திறந்தாள். திரையில் மூன்று வரிசை. தாளம், வலக்கை, இடக்கை. சின்னச் சின்னக் கோடுகளாக அக்கா இருந்தார். மகள் பியானோ ஒலியைத் தெரிவுசெய்து ஓடவிட்டாள்.

தாளம் ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கமாக ஓடியது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கோடுகளில் ஒன்றைத் தொட்டால், எவ்வளவு பலமாக அமத்தியது என்று எண் காட்டும். மோதிர விரல் விழுகிற இடங்களில் எண் எப்போதும் குறைவு. அந்த விரல் மெலிது என்று அக்கா அந்த நாளிலேயே குறைப்பட்டவர். இன்று மடங்காத அந்த விரல், அங்கே அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு என்று மெல்ல மெல்ல அமத்திக்கொண்டே போனது.

“இது ஆர் வாசிக்கிறது?”

“வதனி மாமி.”

ஆரணிக்கு மாமியின் கை எப்படி இருக்கும் என்று தெரியும். மெட்டை இன்னொரு தரம் ஓடவிட்டாள். “மாமி அவசரப்படுறா. சரியாக்கவா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பொத்தானை அமத்தினாள். கோடுகளெல்லாம் அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி அருகிலிருந்த கட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டன. திரும்ப ஓடவிட்டபோது யாரோ ஒருவருடைய போன் அடிப்பது போல இருந்தது. அக்கா இல்லை.

“ஏன் தொட்டனி?” என்று கத்திவிட்டேன். “ஒரு மனுசற்ற கையைத் திருத்த நீ ஆர்?”

“பழையபடி ஆக்கலாம் அப்பா. ஒரு பொத்தான்தான்,” என்றாள். அதை டேனிஷில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. நான் எழும்பிக் கீழே போய், கழுவத் தேவையில்லாத கோப்பைகளைக் கழுவினேன்.

நாலு நாள் இரண்டு பேரும் முகம் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். படியில் இறங்கி வந்து பாதியில் இருந்தாள்.

“அப்பா. வாசிக்கத் தெரியாத ஆக்கள் சிலநேரம் முந்துவினம், சிலநேரம் பிந்துவினம். நான் அளந்து பாத்தன். மாமி எப்பவும் ஒரே அளவு முந்துறா. முழுப் பாட்டும். ஏன்?”

அவள் வாயிலிருந்து ஒரே நேரத்தில் அவ்வளவு தமிழ் வந்து வருடக்கணக்காகிறது. ஒரு காலில் சப்பாத்தோடு இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எரிந்த கீபோர்ட், நசீர் நானாவின் வயர், காதோடு காது வைத்த கதை, பிந்துகிற கொம்பியூட்டர், முந்துகிற அக்கா. பின்னறைக்கு ஒரு கூடம் என்று பெயர் இருந்ததையும் சொன்னேன். “நீங்க இதெல்லாம் செய்தனீங்களா?” என்று கேட்டாள். முன்னனுபவம் இல்லை என்று எழுதிய அந்த அம்மா அங்கே இருந்திருக்க வேண்டும்.

மேலே போனோம். அவள் கட்டத்தில் ஒட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் அப்படியே முழுதாகப் பிடித்து, தான் அளந்த அளவு பின்னுக்கு நகர்த்தினாள். ஒரு கோட்டையும் தனியாகத் தொடவில்லை. ஓடவிட்டாள்.

மெட்டு வந்து தாளத்தின் மேல் இருந்தது. அக்கா அறைக்குள் இருந்தார்.

6

அனுப்புவதா விடுவதா என்று ஒரு கிழமை உழன்றேன். முழு விரலோடு தான் வாசித்ததைக் கேட்டால் அவர் எப்படித் தாங்குவார்? அனுப்பாவிட்டால், அவருடைய பொருளை நான் வைத்திருக்கிறேன். என் பயம் அக்காவைப் பற்றியதா, அவர் அழுவதைக் கேட்க நேருமே என்று அஞ்சுகிற என்னைப் பற்றியதா என்று மனைவி கேட்டாள். அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கேட்டதற்கு அடையாளமாக நீலச் சரி விழுந்தது. மூன்று நாள் பதில் இல்லை. தொழிற்சாலையில் இரண்டு கண்ணாடியை உடைத்தேன்.

ஞாயிறன்று அழைப்பு வந்தது.

“ஆர் நகர்த்தினது?”

“ஆரணி.”

“அதானே பாத்தன். நீயெண்டாக் கண்ணளவில இழுத்துப்போட்டு ஒரு நூல் கூடக்குறைய விட்டிருப்பாய். இது கணக்குப் பாத்து நகர்த்தியிருக்கு. பிள்ளை நல்லாக் கணக்குச் செய்வாளோ?”

“செய்வாள். அவளிட்ட ஒரு கீபோர்ட் இருக்கக்கா. ரெண்டு வருசமா.”

“ரெண்டு வருசமா எனக்குச் சொல்ல உனக்கு வாயில்லை.”

அவர் பக்கத்தில் யாரோ விறகு கொத்துகிற சத்தம் கேட்டது.

“டேய். ரெண்டு கையும் இப்பவும் தனித்தனியாத்தானே கிடக்கு?”

“ஓமக்கா.”

“அப்ப இடக்கையை எடுத்துப்போட்டு, வலக்கையையும் தாளத்தையும் மட்டும் அனுப்பச் சொல்லு.”

“ஏன்?”

“இடக்கை என்னட்டக் கிடக்கு.”

ஆரணிக்கு இரண்டு நிமிட வேலை அது. அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை ஒரு குரல்பதிவு வந்தது. அத்தானின் போன் பழைய வலக்கையை ஒலிக்க, பள்ளிக்கூடத்துக் கீபோர்ட்டில் தான் இடக்கையை வாசித்து, தன் போனில் பதிந்திருந்தார். காகம், மோட்டார் சைக்கிள், மேசை இழுபடுகிற சத்தம், எல்லாம் விழுந்திருந்தது. “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று அக்கா எண்ணினார். இயர்போனின் ஒரு பக்கம் என்னிடம், மறு பக்கம் மகளிடம்.

வலக்கை புறப்பட்டுவிட்டது. இடக்கை தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்தது.

“மாமி பிந்துறா,” என்றாள் ஆரணி. கை திரையடியில் நின்றது. “சரியாக்கவா?”

“வேண்டாம். விடு.”

இரண்டாம் சுற்றிலும் பிந்தினார். மூன்றாம் சுற்றில் பிடித்துவிட்டார்.